ரத்தம் எப்படி உறைகிறது? மலையகத்துச் சனம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் இலங்கை மலையகத்தில் ஒரு ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். அம்மா கொழுந்து எடுத்தவர், நான் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் வளர்ந்தவள். ரத்தம் எடுக்கக் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்த இரண்டு நிமிஷத்தில்தான் சனம் மனதில் உள்ளதையெல்லாம் கேட்கும். “மிஸ், ரத்தம் கட்டியா இருக்குன்னு சொல்றாங்களே, அது என்னா கட்டி?” என்று தொடங்கினால் பின்னால் வரிசையில் நிற்பவர்களும் காது கொடுப்பார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

நுவரெலியாக் குளிருக்கு ரத்தம் உறைந்துவிடுமா?

உறையாது. குழப்பம் நம் சொல்லிலேயே இருக்கிறது. தண்ணீர் ஐஸ் ஆனாலும் ‘உறைந்தது’ என்கிறோம், காயத்தில் ரத்தம் கட்டியானாலும் ‘உறைந்தது’ என்கிறோம். ஐஸை வெயிலில் வைத்தால் மறுபடி தண்ணீராகிவிடும். ரத்தக்கட்டியை வெயிலில் வைத்தால் காய்ந்த ரத்தக்கட்டிதான் மிஞ்சும். பால் தயிராவதை நினைத்துக்கொண்டால் கொஞ்சம் கிட்ட வரலாம். அங்கேயும் பாலில் கலந்து கிடந்த புரதம்தான் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கெட்டியாகிறது.

தை மாசத்தில் புல்லெல்லாம் வெள்ளையாகப் பனி பிடித்துக் கிடக்கும் விடியற்காலையிலும் உடம்புக்குள் 37 பாகைதான். இன்னொன்று, குளிர் ரத்த உறைதலைத் தாமதப்படுத்தும். உறையவைக்கும் நொதியங்கள் உடம்புச் சூட்டில்தான் ஒழுங்காக வேலை செய்யும். எங்கள் கூடத்திலும் உறைதல் பரிசோதனையை 37 பாகையில் வைத்துத்தான் செய்கிறோம். மழையில் நனைந்து விறைத்துப்போனவருக்கு அடிபட்டு ரத்தம் போனால் ஈரத் துணியைக் கழற்றிக் கம்பளியால் போர்த்தச் சொல்வது இதனால்தான். உடம்பு குளிர்ந்துவிட்டால் ரத்தம் நிற்க நேரமாகும்.

சரி, ரத்தக்கட்டி எதனால் ஆனது?

தீபாவளிக்கு லயத்தில் ஆடு அறுத்ததைப் பார்த்திருப்பீர்கள். சட்டியில் பிடித்த ரத்தம் சில நிமிஷத்தில் கட்டியாகி, கத்தியால் துண்டு போடுகிற பதத்துக்கு வந்துவிடும். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் கட்டி சுருங்கி, சட்டி ஓரத்தில் மஞ்சளாகத் தண்ணீர் விட்டிருக்கும். அதே ரத்தத்தைப் பிடிக்கும்போதே விளக்குமாற்று ஈர்க்கால் விடாமல் கலக்கிக்கொண்டிருந்தால் கதை வேறு. ஈர்க்கில் வெளுத்த நார் மாதிரி ஏதோ சுற்றிக்கொண்டு வரும். சட்டியில் மிஞ்சிய ரத்தம் பிறகு எவ்வளவு நேரம் வைத்தாலும் கட்டியாகாது.

அந்த நார்தான் பைபிரின். கட்டியைக் கட்டியாக வைத்திருப்பது அதுதான். ரத்தத்தில் அது நாராக ஓடுவதில்லை, பைபிரினோஜன் என்ற கரைந்த புரதமாக ஓடுகிறது. ஈரல் அதைச் செய்து விடுகிறது. ரத்தத்தின் நீர்ப்பகுதியை எடுத்துக்கொண்டால் ஒரு லீற்றருக்கு 2 முதல் 4 கிராம் வரைதான் இருக்கும், கிட்டத்தட்ட ஒரு தேக்கரண்டி சீனி அளவு. அவ்வளவு கொஞ்சத்தை வைத்துக்கொண்டுதான் ஒரு சட்டி ரத்தமும் கட்டியாகிறது.

மண் சரியும் இடங்களில் ரோட்டோரம் கம்பி வலைக்குள் கல்லைப் போட்டு அடுக்கி வைத்திருப்பார்களே, அந்த மாதிரி. கல் எவ்வளவு இருந்தாலும் கம்பி இல்லாவிட்டால் முதல் மழைக்கே உருண்டு போய்விடும். ரத்தக்கட்டியில் கம்பி, பைபிரின். கல், வலையில் சிக்கிக்கொண்ட செங்குழியங்கள். கட்டி சிவப்பாக இருப்பது அவற்றால்தான். இடையிடையே வெண்குழியங்களும் கிடக்கும். எல்லாவற்றையும் இழுத்துக் கட்டுகிற ஆட்கள் ‘பிளேட்லெட்’ என்று எல்லோரும் சொல்லும் குருதிச் சிறுதட்டுகள். அவை வலையைப் பிடித்து உள்ளே இழுக்க இழுக்கக் கட்டி இறுகும். சட்டி ஓரத்து மஞ்சள் தண்ணீர் அப்படிப் பிழிந்து வந்ததுதான், சீரம் என்போம். இழுக்கிற இழுப்பில் நடுவில் மாட்டிய செங்குழியங்கள் வட்டமாக இருக்க இடமில்லாமல் பல முகம் கொண்ட கற்கள் போல நெருக்கி அடைபடுகின்றன.

கவ்வாத்துக் கத்தி கையில் பட்டதும் உள்ளே என்னதான் நடக்கிறது?

முதல் சில விநாடியில் வெட்டுப்பட்ட ரத்தக் குழாய் தானே சுருங்கும். இதனால் மட்டும் ரத்தம் நிற்காது, வேகம் குறையும்.

அடுத்தது சிறுதட்டுகள். இவை முழுக் கலங்கள் அல்ல. எலும்பு மச்சையில் இருக்கும் பெரிய கலங்கள் உடைத்து விடும் துண்டுகள், கரு கிடையாது. குறுக்களவு ஒரு மில்லிமீற்றரில் ஐந்நூறில் ஒரு பங்கு அளவுதான். ஒரு மைக்ரோலீற்றரில், அதாவது குண்டூசித் தலை அளவுத் துளியில், ஒன்றரை லட்சத்திலிருந்து நாலரை லட்சம் வரை இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஆயுள் 7 முதல் 10 நாள். இத்தாலி டாக்டர் ஜூலியோ பிட்சொசேரோ 1882இல் இவற்றின் வேலையைக் கண்டு எழுதும்வரை ரத்தத்தில் கிடக்கும் குப்பை என்றுகூட நினைத்தவர்கள் இருந்தார்கள்.

நல்ல குழாயின் உள்சுவர் வழுவழுப்பானது, சிறுதட்டு அதில் ஒட்டாது. வெட்டுப்பட்டதும் சுவருக்கு வெளியே இருக்கும் கொலாஜன் என்ற நார் தெரியவரும். அதில் ஒரு ஒட்டுப் புரதம் போய்ப் பிடிக்கும், அந்தப் புரதத்தில் சிறுதட்டு பிடிக்கும். பிடித்தவுடன் தட்டையாக இருந்தது கை கால் முளைத்த மாதிரி முள் முள்ளாகிவிடும். தன் பைகளில் இருக்கும் இரசாயனங்களைக் கொட்டி, போகிற வருகிற மற்றச் சிறுதட்டுகளையும் கூப்பிடும். காலையில் தோட்டத்து ஆள்களைக் கூட்டும் பெரட்டில் கொம்பு ஊதினால் ஆள் சேருவது போல நிமிஷக் கணக்கில் ஒரு அடைப்பு சேர்ந்துவிடும். சின்னக் கீறலுக்கு இதுவே போதும்.

பெரிய வெட்டுக்கு இது தாங்காது, கம்பி வலை வேண்டும். அதற்கான வேலையும் ஏற்கெனவே ஆரம்பித்திருக்கும். காயப்பட்ட இழையம் ஒரு புரதத்தை வெளிக்காட்ட, அது ரத்தத்தில் தூங்கிக்கொண்டிருக்கும் உறைதல் காரணிகளில் ஒன்றை எழுப்பும். அது அடுத்ததை எழுப்பும், அது அதற்கடுத்ததை. ஒன்று பத்தை எழுப்பினால் பத்து நூறை எழுப்பும் என்பதால் கடைசியில் த்ரொம்பின் என்ற நொதியம் ஒரே மூச்சில் ஏராளமாக உண்டாகிறது. த்ரொம்பின் ஒரு கத்தி. பைபிரினோஜனின் நுனியில் இருக்கும் மூடித் துண்டுகளை அது வெட்டிவிட்டால், கரைந்து கிடந்தவை ஒன்றோடொன்று ஒட்டி நூலாகும். 13ஆம் காரணி வந்து நூல்களைக் குறுக்கே பிணைத்து முடிச்சுப் போடும். இதற்கெல்லாம் கல்சியமும் கூடவே இருக்க வேண்டும்.

காரணிகளுக்கு 1 முதல் 13 வரை நம்பர் உண்டு. 6 மட்டும் கிடையாது. தனிக் காரணி என்று நினைத்து நம்பர் கொடுத்த பிறகுதான் அது ஐந்தாம் காரணியின் எழும்பிய வடிவம் என்று தெரிந்தது. பரீட்சைக்குப் படிக்கும்போது இந்த ஆறாம் நம்பரைத் தேடி நான் ஒரு இரவு முழுக்கப் புத்தகத்தைப் புரட்டியிருக்கிறேன்.

அப்படியானால் உடம்புக்குள் ஓடும்போது ஏன் உறைவதில்லை?

உறையவைக்க ஆள் இருப்பது போல் தடுக்கவும் ஆள் இருக்கிறது. குழாயின் உள்சுவரே சிறுதட்டுகளைத் தள்ளி வைக்கும் பொருட்களைச் சுரக்கிறது. தப்பி ஓடிய த்ரொம்பினைப் பிடித்து முடக்க ரத்தத்திலேயே வேறு புரதங்கள் உண்டு. ரத்தம் ஓடிக்கொண்டே இருப்பதும் ஒரு காவல்தான், எழும்பிய காரணிகள் ஓரிடத்தில் சேர விடாது.

கட்டி உண்டான பிறகும் அதைக் கரைக்கும் வேலை பக்கத்திலேயே நடக்கும். பிளாஸ்மின் என்ற நொதியம் பைபிரின் நூலை அங்கங்கே நறுக்கும். நறுக்கிய துண்டுகள் ரத்தத்தில் மிதப்பதைத்தான் ‘டி டைமர்’ பரிசோதனையில் அளக்கிறோம். அது கூடியிருந்தால் உடம்பில் எங்கேயோ கட்டி உண்டாகிக் கரைகிறது என்று அர்த்தம். எங்கே என்று அது சொல்லாது. காய்ச்சல், கர்ப்பம், ஒப்பரேஷன், வயது, எல்லாவற்றிலும் கூடும். அந்தத் துண்டுச் சீட்டை வைத்துக்கொண்டு வீட்டில் அழுதவர்களை எனக்குத் தெரியும். டாக்டர் பார்க்கும்வரை அழ வேண்டாம்.

வெட்டுக்காயத்தில் தேயிலைத்தூள், கோப்பித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு வைக்கலாமா?

வேண்டாம். எங்கள் வீட்டிலும் வைத்தோம், தெரியும். தூள் ரத்தத்தை உறிஞ்சிக் கட்டியான மாதிரி காட்டும், அவ்வளவுதான். அப்புறம் அதைச் சுரண்டிக் கழுவும்போது உள்ளே இருக்கும் நல்ல கட்டியும் பிய்ந்து வரும். கிருமி போவது தனிக் கணக்கு. சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள். பத்து நிமிஷம், கடிகாரம் பார்த்து. “நின்னுருச்சா” என்று நிமிஷத்துக்கு ஒரு தரம் தூக்கிப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்யும் பிழை. தூக்குகிற ஒவ்வொரு தரமும் புதிதாகக் கட்டிய வலை கிழியும். துணி நனைந்தால் எடுக்காமல் மேலே இன்னொன்று வையுங்கள். பீறிட்டு அடித்தாலோ அழுத்தியும் நிற்காவிட்டாலோ ஆஸ்பத்திரிதான். 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும்.

அட்டை கடித்த இடத்தில் மட்டும் ஏன் மணிக்கணக்காக வழிகிறது?

இது எனக்குப் பிடித்த கேள்வி. சின்ன வயதில் அம்மா மலையிலிருந்து வந்து இடுப்பில் கட்டிய படங்கை அவிழ்த்ததும், கணுக்காலில் காய்ந்த ரத்தமும் அதன் மேல் புது ரத்தமுமாக இருக்கும். அட்டை எப்போது விழுந்தது என்று அவருக்கே தெரியாது. கத்தியால் வெட்டிக்கொண்ட விரல் பத்து நிமிஷத்தில் நின்றுவிடும். கடுகு அளவுக் கடி மட்டும் சாப்பாட்டு நேரம் தாண்டியும் கசியும்.

அட்டைக்கு ரத்தம் உணவு. குடிக்கும்போது வாயிலேயே உறைந்துவிட்டால் அதற்குப் பட்டினிதான். அதனால் கடிக்கும்போதே எச்சிலில் உறைதல் தடுப்பு மருந்தை உள்ளே விடுகிறது. அதில் முக்கியமானது போய் ஒட்டுவது நாம் மேலே சொன்ன த்ரொம்பின் என்ற கத்தியில். கத்தி மழுங்கினால் நூல் உண்டாகாது, நூல் இல்லாமல் வலை இல்லை. அட்டை வயிறு நிறைந்து விழுந்த பிறகும் எச்சில் காயத்தில் இருக்கும். அது கரைந்து போகும்வரை கசிந்துகொண்டிருக்கும்.

மருத்துவ அட்டையின் வாயில் இப்படி ஒன்று இருப்பதை 1884இல் ஜோன் ஹேக்ராஃப்ட் என்பவர் கண்டுபிடித்தார். பின்னாளில் அதற்கு ஹிருடின் என்று பெயர் வந்தது. அதைப் பார்த்துச் செய்த மருந்துகள் இன்றைக்கு மாரடைப்பு வந்தவர்களின் இதயக் குழாயைத் திறக்கும்போது பயன்படுகின்றன. நம்மவர்கள் உப்பும் சவர்க்காரமும் காலில் பூசிக்கொண்டு சண்டை பிடித்த பூச்சியிடமிருந்து மருந்து.

செய்ய வேண்டியது: நகத்தால் தோலோடு ஒட்டித் தள்ளி எடுங்கள், இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கும். நெருப்பு வைத்தால் குடித்ததைக் காயத்துக்குள்ளேயே கக்கிவிடலாம். சவர்க்காரம் போட்டுக் கழுவி அழுத்திப் பிடியுங்கள். கசிவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்பரின் குளிசை குடிப்பவராக இருந்தால் மட்டும் கொஞ்சம் கவனம்.

பாம்பு கடித்தவரின் ரத்தத்தைக் குழாயில் எடுத்து மூலையில் வைத்துவிட்டுச் சும்மா இருக்கிறார்களே, ஏன்?

சும்மா இல்லை. அதுதான் பரிசோதனை. 20 நிமிஷப் பரிசோதனை என்று பெயர். சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லிலீற்றர் அளவு ரத்தம் எடுத்து, ஆட்டாமல் அசைக்காமல் நிற்க வைப்போம். கண்ணாடியே உறைதலைத் தூண்டும் என்பதால் பிளாஸ்டிக் குழாய் சரிவராது. சவர்க்காரம் போட்டுக் கழுவிய குழாயும் பிழையான முடிவு தரும். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வெளியில் நிற்கும் சொந்தக்காரர்களுக்கு இந்த 20 நிமிஷம் கொடுமை, எங்களுக்கும்தான். நேரம் வந்ததும் குழாயை ஒரே தரம் மெல்லச் சாய்ப்போம். ரத்தம் அடியில் கட்டியாக ஒட்டிக்கொண்டு நின்றால் அப்பாடா. தேநீர் மாதிரி வழிந்து ஓடினால் விஷம் ரத்தத்தில் வேலை செய்திருக்கிறது. கட்டியானால்கூட அத்தோடு விடமாட்டோம், சில மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பார்ப்போம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கண்ணாடி விரியனின் விஷம் உறைதலைத் தடுப்பதில்லை, தூண்டுகிறது. 5ஆம் 10ஆம் காரணிகளை அதுவே எழுப்பிவிடும். உடம்பு முழுக்க ரத்தம் தேவையில்லாமல் நூல் நூற்றுக்கொண்டே போகும். அந்த நூல்களைப் பிளாஸ்மின் நறுக்கிக்கொண்டே வரும். முடிவில் கையிருப்புப் பைபிரினோஜன் தீர்ந்துவிடும். பிறகு உண்மையான காயத்துக்கு நூற்க நூல் இல்லை. பல் முரசிலிருந்தும் சிறுநீரிலும் ரத்தம் வருவது அப்படித்தான். இதே விஷத்தை நீர்த்து, ரத்தம் நிற்காத நோயாளிகளின் காயத்தில் தடவி 1934இல் ரத்தத்தை நிறுத்திக் காட்டினார் இங்கிலாந்தின் மக்ஃபார்லேன். இன்றும் சில உறைதல் பரிசோதனைகளில் அந்த விஷத்தைப் பயன்படுத்துகிறார்கள்.

கண்ணாடி விரியன் பெரும்பாலும் கீழ்நாட்டுப் பாம்பு. தேயிலை அடியில் சருகோடு சருகாகக் கிடப்பது கோப்பி விரியன் என்று சொல்லும் சின்ன விரியன். அதன் கடி பெரும்பாலும் வீக்கத்தோடும் வலியோடும் போய்விடும். சிலருக்கு ரத்தம் உறையாமல் போவதும் சிறுநீரகம் பாதிப்பதும் உண்டு. இலங்கையில் பாவிக்கும் இந்திய விஷமுறிவு மருந்து இந்தப் பாம்புக்கு வேலை செய்யாது. சின்னப் பாம்புதானே என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். கடித்த இடத்தை வெட்டுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். மோதிரம், வளையலைக் கழற்றி, காலை அசைக்காமல் வைத்துக் கூட்டி வாருங்கள். பாம்பை அடித்துத் தூக்கி வரவும் தேவையில்லை.

காலில் ரத்தக்கட்டி என்கிறார்களே, காயமே இல்லாமல் எப்படி வரும்?

ஜெர்மனியின் ருடோல்ஃப் விர்ஹோ 1856இல் எழுதியதை வைத்து இன்றும் மூன்று காரணம் சொல்வார்கள்: ரத்தம் தேங்குவது, குழாயின் உள்சுவர் கெடுவது, ரத்தமே சீக்கிரம் உறையும் தன்மைக்கு மாறுவது. கெண்டைக்கால் சதை ஒரு பம்ப் மாதிரி. நடக்கும்போது அது அமுங்கி ஆழத்து நாளங்களில் இருக்கும் ரத்தத்தை மேலே தள்ளும். இடுப்பெலும்பு உடைந்து படுத்தவர், காலில் பிளாஸ்டர் போட்டவர், பெரிய ஒப்பரேஷன் முடித்தவர், புற்றுநோய் உள்ளவர், இவர்களுக்கு அந்தப் பம்ப் நின்றுவிடுகிறது அல்லது ரத்தத்தின் தன்மை மாறுகிறது. மலை ஏறி இறங்குகிற நம் பெண்களுக்கு வேலை நாளில் இந்தப் பயம் குறைவு. அவர்களே மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போக விமானத்தில் நாலைந்து மணி நேரம், கட்டுநாயக்கா விமான நிலையத்தில் அதற்கு முன்னால் நாலு மணி நேரம் என்று காலைத் தொங்கப்போட்டு உட்காரும்போது கவனிக்க வேண்டும். பாதத்தை மேலும் கீழும் ஆட்டுங்கள், எழுந்து நடங்கள்.

ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, கெண்டைக்காலில் வலித்தால் தைலம் போட்டு உருவாதீர்கள். தயவுசெய்து உருவாதீர்கள். அந்தக் கட்டியில் ஒரு துண்டு பிய்ந்து இதயம் வழியாக நுரையீரலுக்குப் போய் அடைத்தால் திடீரென்று மூச்சு வாங்கும், நெஞ்சு குத்தும், சில நேரம் சளியில் ரத்தம் வரும். அது உயிர் போகிற அவசரம்.

பிள்ளை பெற்றவளை நடக்க விடலாமா?

விட வேண்டும். பிரசவத்தில் ரத்தம் அதிகம் போகாமலிருக்க, கர்ப்ப காலத்திலேயே உடம்பு உறைதல் காரணிகளைக் கூட்டி வைத்துவிடும். பிள்ளை பிறந்த முதல் ஆறு வாரத்தில்தான் காலில் கட்டி வரும் ஆபத்து அதிகம், ஒப்பரேஷன் செய்து எடுத்திருந்தால் இன்னும் அதிகம். “முப்பத்தொண்ணு கழியட்டும், காம்பராவை விட்டு இறங்காதே” என்று அத்தையும் மாமியும் சொல்வது ஓய்வுக்காகத்தான், அந்த அன்பில் குறையில்லை. ஆனால் காம்பராவுக்குள்ளாவது நடக்கட்டும். தண்ணீர் குடிப்பதையும் குறைக்க வேண்டாம்.

மாரடைப்பில் வருவதும் இதே கட்டிதானா?

சரக்கு ஒன்று, அளவு வேறு. இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுபோகும் நாடிகளில் ரத்தம் வேகமாக ஓடும். உள்சுவரில் படிந்த கொழுப்புத் திட்டு வெடித்தால் அந்த இடத்தைக் காயம் என்று நினைத்துச் சிறுதட்டுகள் ஓடி வந்து ஒட்டும். அதனால் அந்தக் கட்டியில் சிறுதட்டு அதிகம், நிறம் வெளுப்பு. கால் நாளத்தில் தேங்கிய ரத்தத்தில் வரும் கட்டியில் பைபிரினும் செங்குழியமும் அதிகம், நிறம் கருஞ்சிவப்பு. மருந்து வேறுபடுவது இதனால்தான். முதலாவதுக்கு அஸ்பிரின் போன்று சிறுதட்டை அடக்கும் குளிசை. இரண்டாவதுக்கு ஹெப்பரின், வார்பரின் போன்று காரணிகளை அடக்கும் மருந்து. அஸ்பிரின் ஒரு சிறுதட்டை முடக்கினால் அதன் ஆயுள் முழுக்க முடங்கினதுதான், அதனால் ஒரு குளிசையின் பலன் நாள்கணக்கில் நிற்கும்.

இந்தக் குளிசைகள் ரத்தத்தைத் தண்ணியாக்குமா? கட்டியைக் கரைக்குமா?

இரண்டும் இல்லை. வார்பரின் குடிப்பவரின் ரத்தமும் மற்றவர் ரத்தம் போலத்தான் ஊசியில் ஏறுகிறது, எனக்கு வித்தியாசம் தெரியாது. புதிய கட்டி வராமலும் இருக்கும் கட்டி வளராமலும் பார்த்துக்கொள்ளும். பழையதை உடம்பின் பிளாஸ்மின் மெதுவாகக் கரைத்துக்கொள்ளும். உடனே கரைக்கிற மருந்துகள் வேறு, ஆஸ்பத்திரியில் ஏற்றுவது. ஸ்ட்ரெப்டோகைனேஸ் அதில் ஒன்று, கிருமியிலிருந்து எடுப்பது. அவை நேரத்தோடு கட்டிப்போட்டவை. பாரிசவாதத்துக்குக் கரைக்கும் ஊசி போடுவதென்றால் தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள். தோட்டத்தின் மேல் டிவிஷனிலிருந்து ரோட்டுக்கு இறங்கவே ஒரு மணி நேரம் போகிற இடங்கள் நமக்கு உண்டு. வாய் கோணி, கை விழுந்து, பேச்சுக் குழறினால் ‘காலையில் பார்ப்போம்’ என்று விடாதீர்கள். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று குறித்துக்கொண்டு வாருங்கள், முதலில் கேட்கப்போவது அதைத்தான்.

வார்பரின் எலி மருந்து என்கிறார்களே?

உண்மைதான். 1920களில் வட அமெரிக்காவில், பூஞ்சணம் பிடித்த ஒரு வகைத் தீனியைத் தின்ற மாடுகள் ரத்தம் நிற்காமல் செத்தன. விஸ்கொன்சினில் கார்ல் லிங்க் என்பவரின் ஆட்கள் காரணமான பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதைப் பார்த்துச் செய்த வார்பரின் 1948இல் எலி மருந்தாக வந்தது. 1954இல் மனிதருக்கு மருந்தானது. அளவுதான் விஷயம். அதனால்தான் ஐ.என்.ஆர் பார்க்கக் கூப்பிடுகிறோம், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதை ஒரு எண்ணாகக் காட்டும் பரிசோதனை அது. பெரும்பாலானவர்களுக்கு 2க்கும் 3க்கும் நடுவில் இருக்க வேண்டும்.

வார்பரின் குடித்தால் கீரையை விட்டுவிட வேண்டுமா?

விட வேண்டாம், சாப்பிடும் கீரையின் அளவை மாற்ற வேண்டாம். ஈரல் 2, 7, 9, 10ஆம் காரணிகளைச் செய்ய விற்றமின் கே வேண்டும். வார்பரின் அந்த விற்றமினின் வேலையைத்தான் தடுக்கிறது. கே என்ற எழுத்தே உறைதலைக் குறிக்கும் ‘கோஆகுலேஷன்’ என்ற சொல்லின் முதல் எழுத்து, டேனிஷிலும் ஜெர்மனிலும் அதைக் கே போட்டுத்தான் எழுதுவார்கள். கண்டுபிடித்த டென்மார்க்கின் ஹென்ரிக் டாம் 1943ஆம் ஆண்டின் நொபெல் பரிசைப் பங்கிட்டார். வல்லாரை, முருங்கைக்கீரை, பொன்னாங்கண்ணியில் இது நிறைய, கோவாவிலும் லீக்ஸிலும் உண்டு. வாரம் முழுக்கக் கீரை இல்லாமல் இருந்துவிட்டு, தோட்டத்தில் விளைந்தது என்று ஞாயிற்றுக்கிழமை ஒரு சட்டி வல்லாரைச் சம்பல் சாப்பிட்டால் ஐ.என்.ஆர் ஆடும். வழக்கமாக ஒரு பிடி என்றால் வழக்கமாகவே ஒரு பிடி.

தேநீர் குடிக்கலாம். தேயிலையில் விற்றமின் கே இருந்தாலும் அது தண்ணீரில் கரையாது, சாயத்தோடு இறங்காமல் சக்கையிலேயே தங்கிவிடும்.

பிறந்த பிள்ளைக்குத் தொடையில் போடும் ஊசியும் இந்த விற்றமின்தான். பச்சைக் குழந்தையிடம் இருப்பும் குறைவு, தாய்ப்பாலில் வருவதும் குறைவு.

டெங்கு வந்தால் பிளேட்லெட் குறைகிறது. பப்பாளி இலைச் சாறு கொடுக்கலாமா?

சாற்றைவிட எனக்குப் பயம், அதை நம்பி ஆஸ்பத்திரிக்கு வராமல் இருப்பது. டெங்குவில் உயிரை எடுப்பது பெரும்பாலும் பிளேட்லெட் குறைவதல்ல, குழாய்களிலிருந்து நீர் கசிந்து ரத்த அழுத்தம் விழுவது. காய்ச்சல் விட்டு ‘சுகமாகிவிட்டது’ என்று தோன்றுகிற நாளில்தான் அது நடக்கும். காய்ச்சலுக்குப் பனடோல் மட்டும் கொடுங்கள். அஸ்பிரின், புரூபன் வகை வேண்டாம், அவை இருக்கிற சிறுதட்டையும் முடக்கும்.

மாதவிடாயில் கட்டி கட்டியாகப் போகிறது, பயமா?

சின்னக் கட்டி சாதாரணம். கர்ப்பப்பை தானே கரைக்கும் பொருளை வைத்திருப்பதால் அந்த ரத்தம் பொதுவாகக் கட்டியாகாது. போக்கு அதிகமானால் கரைக்க நேரம் கிடைக்காமல் கட்டியாக வரும். ஒரு அங்குலத்தை விடப் பெரிய கட்டிகள், மணிக்கு ஒரு துணி மாற்ற வேண்டிய போக்கு, மலை ஏறும்போது மூச்சு வாங்குவது என்றால் காட்டுங்கள். ஆண் டாக்டரிடம் சொல்லக் கூச்சமென்றால் மிட்வைஃபிடம் சொல்லலாம். என் மேசைக்கு வரும் ‘ரத்தம் குறைவு’ சீட்டுகளில் எத்தனையோ பெண்கள் இதைப் பல வருஷம் பொறுத்துக்கொண்டிருந்தவர்கள்.

பையனுக்குச் சின்ன அடிக்கே மூட்டு வீங்குகிறது, பல் பிடுங்கினால் நிற்பதில்லை. மாமாவுக்கும் அப்படித்தானாம்.

மாமாவுக்கும் என்றால் கட்டாயம் சொல்லுங்கள். 8ஆம் அல்லது 9ஆம் காரணி குறைவாகப் பிறக்கும் ஹீமோஃபீலியா தாய்வழியில் வந்து ஆண் பிள்ளைகளில் தெரியும். சிறுதட்டு சரியாக இருக்கும், வலை மட்டும் சரியாக விழாது. பரிசோதிக்கும்வரை சதையில் ஊசி போட விடாதீர்கள். குறைகிற காரணியை ஊசியாக ஏற்ற முடியும்.

அடிபட்ட இடம் நீலமாகி, பச்சையாகி, மஞ்சளாவது ஏன்?

தோலுக்கு அடியில் கசிந்த ரத்தத்தை உடம்பு துப்புரவு செய்கிறது. செங்குழியத்தின் நிறப்பொருள் உடைந்து முதலில் பச்சை, பிறகு மஞ்சள், கடைசியில் பழுப்பு. கிழமை இரண்டில் போய்விடும். அடியே படாமல் அங்கங்கே வந்தால் காட்டுங்கள்.

ரத்தம் எடுக்கும் குழாய்களுக்கு ஏன் வேறு வேறு நிற மூடி?

நீல மூடிக் குழாயில் சிட்ரேட் இருக்கிறது. ரத்தம் உறைவதற்குத் தேவையான கல்சியத்தை அது பிடித்து வைத்துக்கொள்ளும். பரிசோதனையின்போது நாங்கள் கல்சியத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, எத்தனை விநாடியில் நூல் விழுகிறது என்று பார்ப்போம். ரத்ததானப் பையில் ரத்தம் உறையாமல் இருப்பதும் சிட்ரேட்டால்தான். ஊதா மூடி சிறுதட்டு, செங்குழியம் எண்ணுவதற்கு. நீலக் குழாயில் கோடு வரை ரத்தம் நிரம்ப வேண்டும். குறைந்தால் கணக்குப் பிழையாகிவிடும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் ஒரு குழாயைச் சரியாகக் கலக்காமல் வைத்து, அதில் கட்டி விழுந்து, வயதான ஐயா ஒருவரை மறுபடி பஸ் ஏறி வரச் செய்திருக்கிறேன். இரண்டாம் தரம் குத்தினால் கோபிக்காதீர்கள், காரணம் இதுதான்.

ஐ.என்.ஆர் பார்க்க வெறும் வயிற்றோடு வர வேண்டுமா?

வேண்டாம். முதல் பஸ்ஸுக்கு நாலு மணிக்கு எழுந்து, சீனி வருத்தமும் இருந்து, தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்து எங்கள் வாசலில் மயங்கி விழுகிறவர்கள் இருக்கிறார்கள். ஐ.என்.ஆர் மட்டும் என்றால் ரொட்டியும் தேநீரும் சாப்பிட்டுவிட்டே வாருங்கள். குடிக்கும் குளிசைகளின் பெயர் எழுதிய அட்டையை மறக்க வேண்டாம்.